அறிந்து வைப்போம்: பெட்டி கட்டுமுன் ஒரு கடதாசி

கோடை விடுமுறை வருகின்றதென்றால் எங்கள் வீடுகளில் முதலில் வெளியே வருவது பெட்டிதான். பள்ளிக்கூடம் மூடுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே அது வரவேற்பறை மூலையில் வாயைத் திறந்தபடி கிடக்கும். ஒவ்வொரு நாளும் ஏதாவதொன்று அதற்குள் போய் விழும். சொக்கிளேற், சவர்க்காரம், மாமாவுக்குச் சேட், மச்சாளின் பிள்ளைக்குச் சப்பாத்து. பிறகு தராசில் வைத்து நிறுப்பதும், இரண்டு கிலோ கூடிவிட்டதென்று எடுப்பதும், எடுத்ததைக் கைப்பைக்குள் திணிப்பதும் நடக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கோ, பிள்ளையார் தேருக்குப் பாரிசுக்கோ, தங்கை மகளின் சாமத்தியச் சடங்குக்கு ரொறன்ரோவுக்கோ, எங்கே போவதென்றாலும் பெட்டி மட்டும் குறையில்லாமல் நிறைந்துவிடும்.

அந்தப் பெட்டிக்குள் போகாமல் விடுபடுகின்ற ஒரு கடதாசியைப் பற்றித்தான் இம்முறை எழுதுகின்றோம். எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் கணவரிடம் வந்து சேர்ந்து நான்கு வருடமான ஒரு தாயார். இரண்டு பிள்ளைகள். "அண்ணை, எங்களிட்டக் கிராங்கன்காசே கார்ட் இருக்குத்தானே. பேர்ணுக்கு அக்கா வீட்டை போறம், பிறகு ஊருக்குப் போறம். அதைக் கொண்டு போனால் காணாதோ?" என்று கேட்டார். காணும், காணாது என்று ஒரே சொல்லில் எம்மால் பதில் சொல்ல முடியவில்லை. எந்தக் கடவுச்சீட்டில் போகின்றீர்கள் என்று திருப்பிக் கேட்டோம். காப்புறுதிக்கும் கடவுச்சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் ஆச்சரியப்பட்டார். சம்பந்தம் இருக்கின்றது.

உங்கள் கார்டை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பாருங்கள். நீல நிறத்தில் ஐரோப்பிய நட்சத்திரங்களோடு உங்கள் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். அதுதான் ஐரோப்பிய நோய்க் காப்புறுதி அட்டை. முன்னைய நாட்களில் பிரான்சுக்கோ ஒல்லாந்துக்கோ போவதென்றால் ஈ 111 என்றொரு படிவத்தைக் காசேயில் வரிசையில் நின்று வாங்கவேண்டும். பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2004ஆம் ஆண்டு தொடக்கம் அந்தப் படிவத்தின் இடத்தில் இந்த அட்டை வந்தது. பெயருக்குப் பதிலாக வெறும் நட்சத்திரக் குறிகளோ குறுக்குக் குறிகளோ இருந்தால் உங்களுக்கு வெளிநாட்டில் உரிமை இல்லை என்று அர்த்தம். தஞ்சக் கோரிக்கையாளருக்கான உதவிச் சட்டத்தின் கீழ் சமூக உதவிப் பகுதி பணம் கட்ட, காசே கார்ட் மட்டும் கொடுத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். கார்ட் கையில் இருப்பதனால் காசேயின் அங்கத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது.

அட்டை உள்ளவர்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் திடீரென்று வருத்தப்பட்டால், அந்த நாட்டு மக்கள் தங்கள் அரச முறையில் பெறுகின்ற சிகிச்சையைப் பெறலாம். அந்த நாட்டுக்காரர் கைக்காசு கொடுக்கும் இடத்தில் நாமும் கொடுக்கவேண்டும். பிரான்சில் டொக்டருக்கு முதலில் காசைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் திருப்பிக் கேட்பது வழக்கம். உல்லாசப் பயண இடங்களில் ஹோட்டல்காரர் கூட்டிக்கொண்டு வரும் டொக்டர்மார் பலர் தனியார். அவர்களிடம் இந்த அட்டை செல்லாது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டுப் போனபின்பும் 2021 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் லண்டனில் அரச வைத்தியசாலைகள் அவசரத்துக்கு இதை ஏற்கின்றன.

இனி அந்தத் தாயாரின் பேர்ண் பயணம். இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், ஏனென்றால் எங்கள் ஆட்களில் இதை அறிந்தவர் மிகக் குறைவு. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் பிரசைகள், அதாவது இலங்கைக் கடவுச்சீட்டும் ஜேர்மன் வதிவிட அனுமதியும் வைத்திருப்போர், ஜேர்மனியில் ஒழுங்காகக் காசேக்குப் பணம் கட்டுபவர்களாக இருந்தாலும், இந்த அட்டையைச் சுவிற்சர்லாந்து, நோர்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, லீக்ரன்ஸ்ரைன் ஆகிய ஐந்து நாடுகளில் பயன்படுத்த முடியாது. ஐரோப்பிய ஒழுங்குவிதி அப்படித்தான் இருக்கின்றது. ஜேர்மன் கடவுச்சீட்டு எடுத்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஜெனீவா உடன்படிக்கையின்படி அங்கீகரிக்கப்பட்ட அகதிகளையும் அந்த ஒழுங்குவிதி தன் பிரசைகளோடு சேர்த்தே எண்ணுகின்றது. ஆனால் போகுமுன் காசேயிடம் எழுத்தில் கேட்டு வைத்திருப்பது நல்லது. இடையில் மாட்டுப்படுவது, குடும்ப இணைவு விசாவில் வந்து இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கின்ற மனைவிமாரும், அதே நிலையில் உள்ள பிள்ளைகளும்தான்.

ஒன்றியத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்க, எங்கள் சொந்தக்காரர் நிறைந்திருக்கின்ற சுவிசும் நோர்வேயும் டென்மார்க்கும்தான் அந்த ஐந்துக்குள் அகப்பட்டிருக்கின்றன. 2008 மார்கழியில் சுவிஸ் ஷெங்கனில் சேர்ந்ததன் பின்பு நாங்கள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து காரில் ஏறிச் சனிக்கிழமைக் கலியாணத்துக்குச் சூரிச்சில் நிற்கின்றோம். பாசலில் யாரும் மறிப்பதும் குறைவு. எல்லையைத் தாண்ட விடுவது ஒரு சட்டம், வைத்தியச் செலவைப் பொறுப்பது இன்னொரு சட்டம். அங்கே ஒரு பிள்ளை ஊஞ்சலில் இருந்து விழுந்து கை முறிந்தால் வருகின்ற பில் பிராங்கில் வரும், உங்கள் பெயருக்கே வரும். ஒரு இரவுப் பயணத்துக்கெல்லாம் காப்புறுதியா என்று சிரிக்கவேண்டாம்.

அடுத்தது ஊர்ப் பயணம். காப்புறுதி பற்றிப் பேசுமுன் வேறொன்றைச் சொல்லிவிடவேண்டும். நீல நிற அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்போருக்கு அது பிறந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. வேறு வழியால் போய் வந்தாலும் தஞ்சப் பாதுகாப்பே திரும்பப் பெறப்படக்கூடும். 2024ஆம் ஆண்டுச் சட்டமாற்றம் இதை மேலும் இறுக்கியிருக்கின்றது. அம்மா கடுமையாக இருக்கின்றார் என்று தந்தி போலச் செய்தி வந்தாலும், ரிக்கற் எடுக்குமுன் ஒரு சட்டத்தரணியையோ அகதிகளுக்கான ஆலோசனை நிலையத்தையோ கேளுங்கள். இந்தப் பிழையிலிருந்து எந்தக் காப்புறுதியும் காப்பாற்றாது. தஞ்ச வழக்கு முடியாதவர்கள் வெளிநாடு போகவே முடியாதென்பது உங்களுக்குத் தெரிந்ததே.

போகக்கூடியவர்களுக்கு வருவோம். இலங்கை, இந்தியா, கனடா இந்த மூன்றுக்கும் எங்கள் கிராங்கன்காசே பொதுவாக ஒரு சதமும் தராது. துருக்கி, துனிசியா, செர்பியா, பொஸ்னியா போன்ற சில நாடுகளோடு ஜேர்மனிக்கு நோய்க் காப்புறுதி உடன்படிக்கை உண்டு. எங்கள் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. இன்னுமொன்று: நோயாளியை வெளிநாட்டிலிருந்து ஜேர்மனிக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவை, அது பக்கத்து நாடான பிரான்சிலிருந்து என்றாலும், காசே ஏற்கக் கூடாதென்று சட்டமே சொல்கின்றது. படுக்கையும் டொக்டரும் ஏற்றிய விமானம் ஒன்றைக் கொழும்பிலிருந்து அமர்த்துவதென்றால் பல பத்தாயிரம் யூரோ முடியும்.

இதற்கென்று தனியார் கொம்பனிகள் விற்பதுதான் அவுஸ்லாண்ட்ஸ் ரைஸே கிராங்கன் ஃபெர்சிகெருங். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் ஏறிவிடலாம். நாம் பயண நோய்க் காப்புறுதி என்றே சொல்வோம். விலையைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். வருட ஒப்பந்தம் தனியாளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 30 யூரோ வரை. குடும்பத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு. வயது 65 அல்லது 70 தாண்டினால் கூடும். பெட்டியில் கூடிய இரண்டு கிலோவுக்கு விமானநிலையத்தில் தண்டம் கட்டுகின்ற காசை விடக் குறைவு. ரிக்கற் விற்கின்ற எங்கள் கடைகளில் ஒரு பயணத்துக்கு மட்டுமென்று விற்பதை வாங்குவதிலும் பார்க்க, வருட ஒப்பந்தமே பெரும்பாலும் மலிவு. அதே ஒப்பந்தம் பேர்ண் பயணத்துக்கும் செல்லும். எதை வாங்குவதென்று தெரியாவிட்டால் ஸ்ரிப்ருங் வாரன்ரெஸ்ற் நிறுவனத்தின் நிதிச் சஞ்சிகை அடிக்கடி இவற்றைப் பரிசோதித்துப் புள்ளி போடுகின்றது. நகர நூலகங்களில் இருக்கும், பிள்ளைகளைக் கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

ஆனால் வாங்கிவிட்டால் போதுமென்று இருக்கமுடியாது. வருட ஒப்பந்தம் என்றாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் நாள் கணக்கு உண்டு. சிலவற்றில் 42 நாள், சிலவற்றில் 45 அல்லது 56, அபூர்வமாக 70. எங்கள் பள்ளிக்கூட விடுமுறை ஆறு கிழமை, அதாவது சரியாக 42 நாள். முன்னால் இரண்டு நாள் பள்ளிக்கு லீவு கேட்டு, பின்னால் விமானம் மாறி, 45இல் வந்து நிற்போம். ஓய்வூதியம் பெறுகின்ற பெரியவர்கள் மூன்று மாதம் ஊரில் நிற்கின்றார்கள். அவர்களுக்கு இந்த வருட ஒப்பந்தம் போதாது. நாள் கணக்கில் நீண்ட பயணத்துக்கென்று வேறொன்று எடுக்கவேண்டும், அது விலையும் கூட.

இரண்டாவது, வெளிநாடு என்ற சொல்லுக்கு அந்த ஒப்பந்தம் கொடுக்கின்ற அர்த்தம். நிரந்தரமாக வசிக்கின்ற நாடு வெளிநாடல்ல என்பது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், அது நியாயம். சில ஒப்பந்தங்களில் அதோடு சேர்த்து, எந்த நாட்டின் பிரசையோ அந்த நாடும் வெளிநாடல்ல என்று எழுதியிருப்பார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் அப்படியொன்றை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனால் அந்தக் கடதாசியைக் கொண்டு விசிறலாம், வேறு பயன் இல்லை. வாங்குமுன் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "நான் இலங்கைப் பிரசை, ஜேர்மனியில் வசிக்கின்றேன். இலங்கையில் எனக்குக் காப்புறுதி செல்லுமா?" பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, திருப்பிக் கொண்டுவருதல் பற்றிய வசனம். வைத்திய ரீதியில் அவசியமானால் கொண்டுவருவோம் என்று இருந்தால், கொழும்பில் சிகிச்சை செய்யக்கூடிய நோய்க்கு உங்களைக் கொண்டுவரமாட்டார்கள். அர்த்தமுள்ளதும் பொருத்தமானதும் என்றால் கொண்டுவருவோம் என்று இருந்தால் அது நல்ல ஒப்பந்தம். இரண்டு வசனத்துக்கும் ஜேர்மன் மொழியில் இரண்டொரு சொல்தான் வித்தியாசம்.

நாலாவதுதான் பெரியவர்களைக் கொல்வது: முன்பே இருந்த நோய். போகுமுன்பே சிகிச்சை தேவைப்படும் என்று தெரிந்திருந்தால் அந்தச் சிகிச்சைக்குக் கொம்பனி பணம் தராது. சலரோகக்காரர் ஊரில் வாங்குகின்ற இன்சுலினுக்குத் தராது, சிறுநீரகக்காரரின் இரத்தச் சுத்திகரிப்புக்குத் தராது. எதிர்பாராமல் வந்ததற்கு மட்டுமே தரும். இதில் ஒரு விதிவிலக்கு பல ஒப்பந்தங்களில் இருக்கின்றது, எங்களுக்கு மிகவும் வேண்டியது. கணவன் அல்லது மனைவி, அல்லது முதலாம் தர உறவினர் இறந்ததன் காரணமாக அந்தப் பயணம் போனால், முன்பே தெரிந்த சிகிச்சைக்கும் பணம் தருவார்கள். முதலாம் தரம் என்றால் தாய், தகப்பன், பிள்ளைகள் மட்டும். கூடப் பிறந்த அண்ணன் அதற்குள் வரமாட்டார். தூக்கி வளர்த்த சித்தப்பா வரவே மாட்டார். எங்கள் உறவுமுறையைக் கொம்பனிக்காரருக்கு விளங்கப்படுத்த முயன்று நாம் ஒருமுறை தோற்றிருக்கின்றோம்.

அப்படியானால் நோயுள்ள வயோதிபர் என்ன செய்வது? ஊருக்குப் போகாமலே கண்ணை மூடுவதா? சமூகச் சட்டக்கோவையின் 5ஆம் புத்தகத்தில் 18ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கின்றது. இதைக் காசேக்காரர் தாமாகச் சொல்வதில்லை. நோயின் காரணமாகவோ வயதின் காரணமாகவோ ஒருவரைத் தனியார் கொம்பனி காப்புறுதி செய்ய மறுத்தால், வெளிநாட்டில் உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சைக்குக் காசேயே பணம் தரவேண்டும். அதற்கு நிபந்தனைகள் உண்டு. கொம்பனி மறுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். பயணம் தொடங்குமுன்பே காசே அதை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கவேண்டும். ஒரு வருடத்தில் ஆறு கிழமைக்கு மட்டும். ஜேர்மனியில் அதே சிகிச்சைக்கு எவ்வளவு முடியுமோ அந்த அளவுக்கு மட்டும். சிகிச்சைக்கென்றே புறப்பட்டுப் போனால் இல்லை. எனவே அப்பா அம்மாவை அழைத்துப் போவதானால் இரண்டு மாதம் முன்பே கொம்பனிக்கு எழுதி, மறுப்புக் கடிதம் எடுத்து, அதோடு காசேக்குப் போங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கவலைப்படாமல் பத்திரப்படுத்துங்கள்.

கனடாவுக்குப் போவோர் ஒன்றைக் கவனித்தால் போதும். நீண்ட பயணத்துக்கான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு விலையில் இருக்கும்: அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது, சேராதது. மலிவென்று சேராததை வாங்கிவிடாதீர்கள். அங்கே வெளியாளுக்கு வைத்தியசாலைக் கட்டிலின் ஒருநாள் வாடகையே ஆயிரக்கணக்கான டொலர். கர்ப்பிணிகள் ஒப்பந்தத்தில் எத்தனையாவது கிழமை வரை செல்லுமென்று பார்க்கவேண்டும். பலவற்றில் 36ஆம் கிழமைக்குப் பிறகு பிரசவச் செலவு இல்லை.

இனி எதிர்ப் பக்கமாக வருகின்ற பயணம். ஊரிலிருந்து அம்மா பேரப்பிள்ளையைப் பார்க்க வருகின்றார். எங்கள் குடும்பங்கள் அதிகம் காசை இழந்தது இதில்தான் என்பது எமது எண்ணம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட ஷெங்கன் விசாவுக்குப் பயண நோய்க் காப்புறுதி கட்டாயம். ஆகக்குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்குகின்ற நாட்கள் முழுவதற்கும் அது இருக்கவேண்டும். அவசர சிகிச்சை, திருப்பி அனுப்புதல், மரணம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். இது தூதரகத்துக்குத் தேவையான அளவு. உங்களுக்குத் தேவையான அளவு வேறு. ஏனென்றால் அம்மாவின் விசாவுக்காக நீங்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி ஒரு கையெழுத்து வைத்திருக்கின்றீர்கள். ஃபெர்ஃப்லிஹ்ருங்ஸ்-எர்க்லேறுங் என்று அதற்குப் பெயர். வருகின்றவரின் சாப்பாடு, தங்குமிடம் மட்டுமல்லாமல் நோய்ச் செலவையும் நான் பொறுப்பேன், அரசாங்கம் செலவழித்தால் திருப்பிக் கட்டுவேன் என்பதுதான் அதன் உள்ளடக்கம். எங்களில் எத்தனை பேர் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தோம்? அம்மா வரப்போகின்றார் என்ற சந்தோசத்தில் பேனையைக் கேட்டு வாங்கி வைத்தோம்.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில் நடந்ததைச் சொல்கின்றோம். வடமராட்சியிலிருந்து வந்த தாயாருக்கு எழுபத்தொரு வயது. விசாவுக்கென்று ஆக மலிவான காப்புறுதி. வந்து ஐந்தாம் கிழமை காலையில் தேத்தண்ணி போட எழும்பியவர் குசினியில் விழுந்துவிட்டார். பாரிசவாதம். அம்புலன்ஸ் உடனே வந்தது, வைத்தியசாலையிலும் நன்றாகப் பார்த்தார்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. என்ன வருத்தம் முன்பு இருந்தது என்று டொக்டர் கேட்டபோது மகன் ஒன்றுமில்லை என்றார். தாயாரின் கைப்பையைத் திறந்தபோது மூன்று விதமான குளிசை இருந்தது. பத்து வருடமாகப் பிறஷருக்குப் போடுகின்றாராம். "குளிசை போடுறதெல்லாம் ஒரு வருத்தமே தம்பி? ஊரில எல்லாரும்தானே போடீனம்" என்று பிறகு சொன்னாராம். டொக்டர் அறிக்கையில் நீண்டகால இரத்த அழுத்தம் என்று எழுதினார். அது உண்மை, அவர் எழுதத்தான் வேண்டும். காப்புறுதிக் கொம்பனி அதைப் பிடித்துக்கொண்டது. முன்பே இருந்த நோயின் விளைவு, பணம் தரமாட்டோம் என்று கடிதம் வந்தது.

அந்தக் குடும்பம் சும்மா இருக்கவில்லை. நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்கு, அதாவது எல்லாப் பெரிய நகரங்களிலும் உள்ள ஃபெர்பிறவுகர்சென்ற்றாலேக்கு, கடிதத்தோடு போனார்கள். அழுத்தம் இருந்தது உண்மை, பாரிசவாதம் எதிர்பாராதது, இரண்டும் வேறு என்று அங்கே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு கொம்பனி ஒரு பகுதியைக் கட்டியது. மிச்சத்தை மகன் இன்னும் மாதாமாதம் கட்டுகின்றார். தனியார் நோய்க் காப்புறுதிப் பிணக்குகளுக்கென்று பேர்ளினில் ஒரு நடுவர் அலுவலகமும் இருக்கின்றது, முறைப்பாட்டுக்குக் காசு வாங்கமாட்டார்கள். அதைப் பற்றி அவர்கள் அறிந்தது மிகவும் பிந்தித்தான்.

எனவே அம்மாவுக்கு எடுக்கும்போது 30,000 என்று பார்க்காமல், எல்லையில்லாததாகவோ கூடிய தொகை உள்ளதாகவோ பாருங்கள். முன்பே இருந்த நோய் திடீரென்று மோசமானால் தருவார்களா என்று கேளுங்கள், தருகின்ற ஒப்பந்தங்கள் சில உண்டு. வயது எல்லையைப் பாருங்கள். குளிசைப் பட்டியலை அம்மாவிடம் தொலைபேசியில் வாசிக்கச் சொல்லி எழுதுங்கள். கேள்விப் படிவத்தில் மறைக்கவேண்டாம், மறைத்தால் முழுவதையும் இழக்கலாம். மூன்று மாதத்துக்கான குளிசையை ஊரிலிருந்தே டொக்டரின் கடிதத்தோடு கொண்டு வரச் சொல்லுங்கள். விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தை அனுப்பினால் பல கொம்பனிகள் கட்டிய காசைத் திருப்பித் தருகின்றன. அதையும் கேட்காமல் விடுகின்றோம்.

மரணத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஊருக்குப் போன பெரியவர் அங்கே கண்ணை மூடினாலும், இங்கே வந்தவர் இங்கே மூடினாலும், உடலைக் கொண்டுபோகும் செலவை ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட தொகை வரை ஏற்கும். சிலவற்றில் இறந்த இடத்திலேயே கிரியை செய்யும் செலவையும் அதே அளவுக்கு ஏற்பார்கள். தொகை கொம்பனிக்குக் கொம்பனி வேறு. வீட்டில் இதைப் பேசுவது அபசகுனம் என்போம். அந்த நேரத்தில் சனத்திடம் காசு சேர்த்துத்தான் உடலை அனுப்பினோம் என்ற கதைகளும் எங்களிடம்தான் இருக்கின்றன.

ரிக்கற்றோடு சேர்த்து விற்கின்ற மற்றக் காப்புறுதிகள் பற்றிச் சுருக்கமாக. பயணத்தை நிறுத்தினால் காசு தருகின்ற காப்புறுதி, நாலைந்து பேர் உள்ள குடும்பம் ஆறு மாதம் முன்பே ஊர் ரிக்கற் எடுக்கும்போது யோசிக்கத்தக்கது. திடீர் நோய், நெருங்கிய உறவினர் மரணம், வேலை இழத்தல் போன்றவற்றுக்குத் தருவார்கள். விசா கிடைக்காததற்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு பயத்தில் பயணத்தை நிறுத்தியவர்கள் பலர். பயம் ஒரு காரணமாக எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ரிக்கற் எடுத்த உடனேயே இதை எடுக்கவேண்டும், பயண நாள் நெருங்கினால் சில நாட்களே அவகாசம். பெட்டிக்கான காப்புறுதி எமது அபிப்பிராயத்தில் வீண். பெட்டி தொலைந்தால் மொன்றியல் உடன்படிக்கையின்படி விமானக் கொம்பனியே ஒரு எல்லை வரை பொறுப்பு. உடைந்த பெட்டிக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். தாலிக்கொடியையும் காப்பையும் கார்கோவில் போகும் பெட்டிக்குள் வைக்கின்றவருக்கு எந்தக் காப்புறுதியும் உதவாது.

கடைசியாக, பில். 2017இல் இலங்கையில் டெங்கு தலைவிரித்தாடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் மட்டும் 186,000 இற்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல் என்று கணக்கு. அந்த ஆவணியில் எமது மகனும் அதில் ஒருவன். யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் தொடங்கி, கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் ஐந்து நாள். இரத்தத்தில் பிளேற்லெற் எத்தனை என்று காலையும் மாலையும் தாளில் எழுதிக்கொண்டு இருந்தோம். காப்புறுதி இருந்தது. ஆனால் வெளியேறும்போது அவர்கள் தந்தது ஒரே வரி: வைத்தியசாலைக் கட்டணம், இவ்வளவு ரூபா. அந்த அவசரத்தில் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஜேர்மனிக்கு வந்து அனுப்பினால் கொம்பனி திருப்பி அனுப்பியது. நோயாளியின் பெயர், பிறந்த திகதி, நோயின் பெயர், எந்தெந்த நாளில் என்ன சிகிச்சை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, இவையெல்லாம் இருந்தால்தான் அது பில்லாம். கொழும்பில் ஒரு உறவினர் மூன்று முறை அந்த வைத்தியசாலைக்கு நடந்து, மார்கழியில்தான் சரியான கடதாசி வந்து சேர்ந்தது. காசு தைமாதம் கிடைத்தது. வைத்தியசாலையில் சேருமுன் கொம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்திருந்தால் அவர்களே நேரடியாகக் கட்டியிருப்பார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த இலக்கம் இருந்த கடிதம் வீட்டில், ஜேர்மனியில், அலுமாரிக்குள் இருந்தது.

எம்மோடு தொலைபேசியில் பேசிய தாயார் சென்ற கிழமை மீண்டும் எடுத்தார். இலங்கைப் பிரசைக்கும் செல்லும் என்று எழுத்தில் பதில் வாங்கி, குடும்ப ஒப்பந்தம் எடுத்துவிட்டாராம். பேர்ணுக்குப் போவது இந்த மாதக் கடைசியில். அவசர இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதாகச் சந்தோசமாகச் சொன்னார். ஊருக்குப் போகும்போது பெட்டி கார்கோவில் போகுமே தங்கச்சி, இன்னொன்றைக் கைப்பைக்குள்ளும் வையுங்கோ என்றோம்.